ஒருவர் பண்பட்டவரா என்பதை எதை வைத்துச் சொல்வது?

கேள்வி: "நல்ல உடை, சரளமான ஆங்கிலம், ஹோட்டலில் ஸ்பூனும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரிவது, இவைதான் நாகரிகமா? நம் சமூகத்தில் பண்பட்டவர் என்று பெயரெடுக்க உண்மையில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?"

முள்கரண்டி பிடிப்பதை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம், அது ஒரு பெரிய விஷயமே இல்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான். இவர் வந்து போனதால் அந்த வீட்டுக்காரருக்கு வேலை கூடியதா, குறைந்ததா? நாலு பேர் முன்னால் யாராவது கூச்சப்பட வேண்டி வந்ததா? நம் ஊரில் இது பளிச்சென்று தெரிகிற இடங்கள் சாவு வீடு, பந்தி, பணம் கைமாறும் நேரம், வீட்டு வேலைக்கு வருபவரிடம் பேசும் விதம். நல்ல வேளையாக எல்லாமே பழகிக்கொள்ளக்கூடியவைதான்.

சாவு வீட்டிலிருந்து தொடங்குகிறேன். அங்கேதான் படித்தவர்களே அதிகம் சறுக்குகிறார்கள்.

செய்தி வந்ததும் முதலில் செய்யக்கூடாதது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போடுவது. வெளியூரிலிருக்கும் மகளுக்கு "அப்பாவுக்கு ரொம்ப முடியலை, கிளம்பி வா" என்று மட்டும் சொல்லி வரவழைத்துக்கொண்டிருப்பார்கள். அவள் பாதி வழியில், பேருந்தில் தனியாக உட்கார்ந்தபடி, யாரோ போட்ட "கண்ணீர் அஞ்சலி"யைப் பார்ப்பாள். குடும்பத்தார் போட்ட பிறகு நீங்கள் போட்டால் போதும். மற்றவர்களுக்குத் தகவல் சொல்வதானால் யார், எப்போது, எந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற நான்கையும் சேர்த்தே சொல்லுங்கள். கடைசி இரண்டை விட்டுவிட்டால், அத்தனை பேரும் அந்த வீட்டுக்கே போன் போட்டுக் கேட்பார்கள்.

போகும்போது செருப்பை வாசலை அடைத்து விடாமல் ஓரமாக, தள்ளி விடுங்கள். பாடை அந்த வழியாகத்தான் வெளியே வர வேண்டும். மாலையின் பிளாஸ்டிக் கவரைத் தெருவிலேயே பிரித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய் "எப்படி ஆச்சு? நேத்துகூட நல்லா இருந்தாரே?" என்று மனைவியிடமோ மகனிடமோ கேட்காதீர்கள். காலையிலிருந்து அதையே நாற்பது பேருக்குச் சொல்லியிருப்பார்கள். தெரிந்தே ஆக வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் பக்கத்தில் இருந்தால் போதும், பேச்சே வேண்டாம். கிளம்பும்போது "வர்றேன்" என்று சொல்லும் வழக்கம் கிடையாது. சொல்லாமல் எழுந்து போவதுதான் அங்கே மரியாதை.

உதவி செய்ய நினைப்பவர்கள் சாமியானாவுக்கு அடியில் நின்றுகொண்டு "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பார்கள். துக்கத்தில் இருப்பவருக்கு அதை யோசித்துச் சொல்வதே தனி வேலை. நீங்களாகக் கவனியுங்கள். டீ வெளியே நாற்காலியில் இருக்கும் ஆண்களுக்கு மூன்று சுற்று வரும், உள்ளே தரையில் உட்கார்ந்து அழும் பெண்களுக்கு ஒரு சுற்றுகூடப் போயிருக்காது. தண்ணீர் கேன் தீர்ந்திருக்கும். சர்க்கரை மாத்திரை போடும் பாட்டி காலையிலிருந்து வெறும் வயிற்றில் இருப்பார். அடுப்பு எரியாத வீடு, ஆகவே இரண்டு பிஸ்கட்டும் கொஞ்சம் பாலும் பக்கத்து வீட்டிலிருந்துதான் வர வேண்டும். வெளியூர்ப் பெண்களுக்கு எந்த வீட்டுக் கழிப்பறை திறந்திருக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் தேவை.

பணம் இன்னொன்று. ஃப்ரீசர் பெட்டி, வண்டி, பந்தல், மேளம், பூ, சுடுகாட்டு வேலை என்று எல்லோருக்கும் அன்றே ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். வீட்டில் அந்த நேரத்தில் பீரோ சாவிகூடக் கிடைக்காது. உங்களால் முடிந்த 5,000 அல்லது 10,000 ரூபாயைச் செலவைக் கவனிக்கும் மருமகனிடமோ சித்தப்பாவிடமோ கொடுத்து, "கணக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். மனைவியின் கையில் திணிக்காதீர்கள். ஒரே ஒருவர்தான் செலவு செய்ய வேண்டும், ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வைக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகக் கொடுத்தால் ஒரே வண்டிக்கு இரண்டு முறை பணம் போகும், பதினாறாம் நாள் அதுவே பங்காளிச் சண்டையாகும். வெட்டியான் கூலியைப் பிணத்தின் முன்னால் உரக்கப் பேரம் பேசுவது ஒரு அசிங்கம். தொகையை முன்கூட்டியே தனியாகப் பேசி முடித்துவிடலாம்.

பிறகு காகிதங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் தாமதக் கட்டணமும் அலைச்சலும் இல்லை. மருத்துவமனையில் இறந்திருந்தால் அவர்களே பதிவுக்குத் தகவல் அனுப்புவார்கள். வீட்டில் இறந்திருந்தால் மருத்துவர் சான்றும் ஆதார் நகலும் தயாராக இருக்கட்டும். பெரும்பாலும் சிக்கல் வருவது பெயரில். ஆதாரில் இனிஷியல் பின்னால், வங்கிப் புத்தகத்தில் முன்னால், நிலப் பட்டாவில் அப்பா பெயர் முழுதாக, சான்றிதழில் எதுவுமே இல்லாமல் வெறும் பெயர். இதைத் திருத்துவதற்குள் அந்தக் குடும்பத்தின் பாதி வருடம் போய்விடும். பதிவுக்குக் கொடுக்கும் முன்பே நிதானமாக இருக்கும் ஒருவர் எழுத்துக் கூட்டிச் சரிபார்த்தால், பத்து மாலை போட்டதைவிடப் பெரிய உதவி. இறந்தவரின் செல்போனை அணைத்து வைக்காமல், சிம் ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வங்கி, எரிவாயு, இன்சூரன்ஸ் எல்லாவற்றின் ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

கணவனை இழந்த பெண்ணுக்கு நடத்தப்படும் சடங்குகள் பற்றி எனக்கு ஒளிவுமறைவான கருத்து கிடையாது. நிறையப் பூவும் பொட்டும் வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, ஊர் பார்க்க உடைப்பதும் தாலியை அறுப்பதும் கொடுமை. ஆனால் சடங்கு நடக்கும்போது எழுந்து நின்று கத்தினால் அந்த அம்மாவுக்குத்தான் இன்னும் அவமானம். அதற்கு முன்பே ஒருநாள், அவருக்கு நெருக்கமான பெண் ஒருவர் தனியாக அவரிடம் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டு, அந்தப் பதிலை வீட்டுப் பெரியவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். வீட்டின் மூத்த பெண்மணி "இதெல்லாம் வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இனி பந்தி.

சாப்பிடுபவரின் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை இன்று மண்டபம்தோறும் பார்க்கலாம். கார் வைத்திருப்பவர், பட்டு உடுத்தியவர் என்று பேதமே இல்லை. பின்னால் ஆள் நிற்கும்போது யாரும் மோரை நிம்மதியாகக் குடிக்க முடியாது. ஹாலுக்குள் போகாமல் வாசலில் காத்திருங்கள், இலை எடுத்த பிறகு உள்ளே போகலாம். இதில் பாதிப் பொறுப்பு அழைத்தவருடையது. பந்தி மாறும்போது வாசலில் நின்று ஆளை அனுப்ப உறவினர் ஒருவரை நிறுத்தினாலே தள்ளுமுள்ளு இருக்காது.

இலையின் நுனி சாப்பிடுபவருக்கு இடப்பக்கம் வர வேண்டும். வேண்டாததை இலையில் விழுந்த பிறகு ஒதுக்குவதைவிட, கரண்டி வருவதற்கு முன்பே கையை இலைக்கு மேலே நீட்டிவிடுங்கள், பரிமாறுபவருக்குப் புரியும். கல்யாண இலையில் இப்போது இருபது வகைக்கு மேல் வருகிறது, எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் பாதி குப்பைக்குத்தான். பரிமாறுபவருக்கும் ஒன்று உண்டு. "வேணுமா?" என்று கேட்டால் கூச்சக்காரர் பசித்தாலும் "வேண்டாம்" என்பார். "ரசம், ரசம்" என்று பொருளின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஒரு நொடி நிற்பதுதான் பழைய பழக்கம். கேட்பவர் கேட்பார், கேட்காதவர் கடனே என்று வாங்க வேண்டியதில்லை. பக்கத்தில் வயதானவர் இன்னும் சோற்றில் இருந்தால், நீங்கள் முடித்திருந்தாலும் கொஞ்சம் உட்கார்ந்திருங்கள். இலையை மூடுவது சுபத்துக்கு ஒரு மாதிரி, துக்கத்துக்கு ஒரு மாதிரி. இது சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் மாறும், ஆகவே பக்கத்தில் உள்ள பெரியவர் எப்படி மூடுகிறார் என்று பார்த்துச் செய்தால் தப்பில்லை.

மொய்க் கவரில் பெயரை மட்டும் எழுதினால் போதாது. ஊர், இனிஷியலோடு பெயர், யார் வழியில் உறவு என்று எழுதுங்கள். "முருகேசன் 500" என்று இருந்தால், மொய் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு எந்த முருகேசன் என்று அந்த வீடு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்ளும். திருப்பிச் செய்யும்போது அவர்கள் செய்ததற்குக் குறையாமல் செய்வதுதான் முறை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்துகளில் பழைய பாக்கி எவ்வளவு, அதற்கு மேல் போடும் புதுநடை எவ்வளவு என்று துல்லியமாகவே எழுதுவார்கள். அது அங்கே வட்டியில்லாக் கடன் மாதிரி, வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது, "அவன் இவ்வளவுதான் எழுதினான்" என்று மூன்றாம் ஆளிடம் சொல்வது.

கைமாற்று கேட்டு வருபவரிடம் "பார்க்கலாம்" என்பது நம் ஊரின் செல்லமான அநாகரிகம். கேட்டவர் உங்களை நம்பி வேறு யாரிடமும் போகாமல் நான்கு நாள் காத்திருப்பார், ஐந்தாம் நாள் நீங்கள் போனை எடுக்க மாட்டீர்கள். முடியாது என்றால் அன்றைக்கே சொல்லுங்கள், காரணம் அடுக்க வேண்டாம். 10,000 கேட்பவருக்கு 2,000 தர முடியுமென்றால் அதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போவது பற்றிச் சுருக்கமாக. பத்து நிமிடம் போதும், கட்டிலில் உட்காராதீர்கள், இதே நோயில் போய்ச் சேர்ந்த உங்கள் மாமாவின் கதை வேண்டாம். நோயாளிக்கு ஆப்பிள் வாங்குவதைவிட, துணைக்கு இருப்பவருக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிப் போய், "ரெண்டு மணி நேரம் நான் இருக்கேன், நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க" என்று சொல்லுங்கள்.

கடைசியாக, மேலே சொன்ன அத்தனையும் தெரிந்தவர்களே தோற்கிற இடம். வங்கி மேலாளரிடம் "வாங்க", குப்பை வண்டிக்காரரிடம் "ஏய், இங்க வா". அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், கூப்பிடுபவருக்கு முப்பதுகூட இருக்காது. வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்டுத்தான் யாரை ஒருமையில் அழைக்கலாம் என்று கற்றுக்கொள்கிறார்கள். (கோவைப் பக்கத்தில் எல்லோருக்குமே "ங்க" வந்துவிடும். அதை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டுவிடாதீர்கள், அவருக்கு எந்த டம்ளரில் காபி கொடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.) "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்? குலதெய்வம் எது?" என்று சுற்றி வளைத்துச் சாதியைத் தோண்டுவதும் இதே வகைதான். கேட்கப்படுபவருக்கு இரண்டாவது கேள்வியிலேயே புரிந்துவிடும், பதில் சொல்லும் குரலே மாறிவிடும்.

தீண்டாமையை அரசமைப்பின் 17வது பிரிவு 1950இலேயே ஒழித்தது. டீக்கடை இரட்டைக் குவளையைக் கண்டித்துப் பேசுபவர்களின் சமையலறை ஜன்னலிலும் வேலைக்கு வரும் அம்மாவுக்கென்று ஒரு தனி டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். இன்னும் நாசூக்கானவர்கள் பேப்பர் கப்புக்கு மாறிவிட்டார்கள், தங்களுக்குச் சில்வர் டம்ளர், அவருக்கு மட்டும் பேப்பர் கப். இந்தப் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் மாற்றுவது சுலபம். அறிவிப்பு, மன்னிப்பு, பிரசங்கம் எதுவும் வேண்டாம், நாளைக் காலை எல்லோருக்கும் வரும் டம்ளரில் காபியைக் கொடுங்கள். உட்காரச் சொன்னால் முதலில் சில நாள் மறுப்பார், இன்னொரு வீட்டில் அதற்குத் திட்டு வாங்கியிருக்கலாம். பிடித்து உட்கார வைக்காதீர்கள், நாற்காலியைப் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். சம்பளத்தை ஒரு தேதி சொல்லி அந்தத் தேதியில் கொடுங்கள், அவர் வந்து கேட்கும்படி வைக்காதீர்கள். நீங்கள் ஊருக்குப் போன நாட்களுக்குப் பிடிக்காதீர்கள். வாரம் ஒரு நாள் லீவு எந்தக் கிழமை என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள், அந்தக் கிழமையில் விருந்தாளி வந்தால் பாத்திரத்தை நீங்களே தேய்த்துக்கொள்ளுங்கள்.