ஒவ்வொரு கட்டையாக அடித்துக் காட்டச் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி – பியானோ மாஸ்டர் பதில்

கேள்வி: மாஸ்டர், மகளுக்குப் பதினொரு வயது. மூன்று ஆண்டுகளாகச் சிறிய கீபோர்டில் பழகுகிறாள். இனி உண்மையான பியானோ வேண்டும் என்று அவளுடைய ஆசிரியை சொல்லிவிட்டார். கொழும்புக்கு அருகே ஒருவரிடம் யமஹா பியானோ ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. சுவரோரம் நிற்கும் வகை. நான்கே முக்கால் இலட்சம் ரூபா கேட்கிறார். ஐந்து படங்கள் அனுப்பினார், கண்ணாடி போலப் பளபளக்கிறது. வேறு இருவரும் கேட்கிறார்களாம், வெள்ளிக்கிழமைக்குள் பாதிப் பணத்தை வங்கியில் போடச் சொல்கிறார். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், மாமியார் படுக்கையில். நான் போய்ப் பார்க்க வழியே இல்லை. பார்க்காமல் வாங்கலாமா?
– ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: சகோதரி, முதலில் அந்த வெள்ளிக்கிழமையை மறந்துவிடுங்கள். நல்ல பியானோ வைத்திருப்பவருக்கு இரண்டு கிழமை பொறுப்பதால் ஒரு நட்டமும் இல்லை. அது கைநழுவிப் போனாலும் இன்னொன்று வரும். ஜப்பானில் செய்த பழைய பியானோக்கள் எத்தனையோ ஆண்டுகளாக இந்த நாட்டுக்கு வந்துகொண்டிருக்கின்றன.

பார்க்காமல் வாங்கலாம். கேட்காமல் வாங்கக் கூடாது. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

2003ஆம் ஆண்டு. போர்நிறுத்தம் வந்து பாதைகள் திறந்திருந்த காலம். மலைநாட்டில் ஒரு தோட்ட பங்களாவில் ஆங்கிலேயர் காலத்துப் பியானோ இருப்பதாக அறிந்தேன். உரிமையாளர் தபாலில் மூன்று படங்கள் அனுப்பினார். முகப்பில் பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கிகள், தேய்த்து மினுக்கிய மரம். பல ஆண்டுகள் சேர்த்த பணத்தை அனுப்பிவிட்டேன். ஆனி மாதத்தில் லொறியில் வந்து இறங்கியது. அப்போது இங்கே வறண்ட கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. சுருதி சேர்த்தேன். மறுநாள் காலையில் நடுப்பகுதியில் நான்கு கட்டைகள் சுருதியில் கீழே இறங்கியிருந்தன. மீண்டும் சேர்த்தேன், மீண்டும் இறங்கின. எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத் தந்த பாலையூற்றுப் பறங்கிப் பெரியவரை அழைத்து வந்தேன். அவர் சுருதி சேர்க்கும் சாவியை, கம்பி சுற்றியிருக்கும் ஓர் ஆணியின் தலையில் பொருத்தி இரண்டே விரல்களால் திருப்பினார். எதிர்ப்பே இல்லாமல் ஆணி சுழன்றது. "இது இனிப் பிடிக்காது, மகன்" என்றார். அந்தக் குரல் இன்றும் காதில் இருக்கிறது.

வீணைக்குக் கம்பியை முறுக்கும் பிரடை எப்படியோ, பியானோவுக்கு அந்த ஆணிகள் அப்படி. 88 கட்டைகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 230 கம்பிகள் இருக்கின்றன. கம்பிக்கு ஓர் ஆணி. ஒவ்வொன்றும் கெட்டி மரப் பலகையில் அறைந்து இறக்கப்பட்டிருக்கிறது. வேறு பூட்டு எதுவும் இல்லை, மரத்தின் இறுக்கம்தான் பிடி. கம்பிகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்போ 15 தொன்னுக்கு மேல். குளிரும் ஈரமும் பழகிய மரம் நம்முடைய கச்சான் காற்றில் காய்ந்து சுருங்கினால், ஏற்கெனவே தளர்ந்திருந்த துளை முற்றாக விட்டுவிடும். என் பியானோவுக்கு அதுதான் நடந்தது. வெளியே மினுங்கிய மரத்துக்கும் உள்ளே இருந்த பலகைக்கும் எந்த உறவும் இருக்கவில்லை. உங்களுக்கு வந்த ஐந்து படங்களையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

ஆகவே முதல் வழி, உங்களுக்குப் பதிலாக ஒரு காதை அனுப்புங்கள். கொழும்பில் சுருதி சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், பியானோ ஆசிரியர்களும் பலர். மகளின் ஆசிரியையிடம் கேட்டால் அங்கே தெரிந்த ஒருவரைச் சொல்வார். அவருக்குக் கூலியும் பயணச் செலவும் கொடுத்து, ஒரு மணி நேரம் அந்தப் பியானோவோடு இருந்துவிட்டு வரச் சொல்லுங்கள். விற்பவர் தாமே ஒருவரைக் காட்டினால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். நான்கே முக்கால் இலட்சத்துக்கு முன்னால் அந்தக் கூலி பெரிய செலவே அல்ல. அனுப்பிய ஆள் ஆணிகளில் சாவி வைத்துப் பார்த்தாரா என்பதை மட்டும் மறக்காமல் கேளுங்கள்.

அப்படி ஒருவரும் கிடைக்காவிட்டால் கைத்தொலைபேசிதான் துணை. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வட்ஸ்அப் அழைப்பில் வாசித்துக் காட்டச் சொல்வார்கள். பேச்சுக்குரலைத் தெளிவாக்குவதற்காக, நீண்டு ஒலிக்கும் ஓசையை இரைச்சல் என்று எண்ணி அது அமுக்கிவிடும். பியானோவின் உயிரே அந்த நீளும் ஓசைதான். ஆகையால் அழைப்பைக் கண்ணுக்கு வைத்துக்கொள்ளுங்கள், காதுக்குத் தனியாக வீடியோ பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். பதிவின் தொடக்கத்தில் உங்கள் பெயரையும் அன்றைய திகதியையும் அவர் சொல்லட்டும், பழைய பதிவை அனுப்ப முடியாது. தொலைபேசியைக் கையில் பிடிக்காமல் ஒரு கதிரையில் அசையாமல் வைக்க வேண்டும்.

பாட்டு வாசிக்க வேண்டாம். நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் கெட்ட கட்டைகளைத் தொடாமலே ஒரு பாட்டை முடித்துவிடுவார். இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை, கறுப்பையும் வெள்ளையையும் விடாமல், 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று விநாடி அழுத்திப் பிடித்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். ஆறு ஏழு நிமிடம் பிடிக்கும். அதற்குப் பொறுமை இல்லாதவரிடம் பியானோ வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

அந்தப் பதிவை மகளோடும் ஆசிரியையோடும் உட்கார்ந்து கேளுங்கள். இடக்கோடியில் உள்ள அடிக்கட்டைகள் சிலவற்றுக்கு ஒரு கம்பிதான், அதற்கு மேல் இரண்டு, நடுவிலிருந்து வலப்பக்கம் மூன்று. மூன்று கம்பிகளும் ஒரே சுருதியில் நின்றால் ஒரே குரலாகக் கேட்கும். விலகினால் ஓசை அலை அலையாக நடுங்கும். கையை எடுத்தவுடன் ஓசை நிற்க வேண்டும். நிற்காமல் முனகினால் கம்பியைத் தடுக்கும் கம்பளி தேய்ந்திருக்கிறது, அல்லது நகர்ந்திருக்கிறது. ஆனால் வலக்கோடியில் ஏறத்தாழ 20 கட்டைகளுக்கு அந்தக் கம்பளியே கிடையாது. அவை கையை எடுத்த பிறகும் ஒலிக்கும், அது குறை அல்ல. எத்தனையோ பேர் அதைக் கேட்டுப் பயந்து நல்ல பியானோவை விட்டிருக்கிறார்கள்.

அடுத்து, சுருதி பார்க்கும் செயலி ஒன்றைத் தொலைபேசியில் இறக்கி, இடமிருந்து 49ஆவது கட்டையை அளந்து பாருங்கள். அது விநாடிக்கு 440 அதிர்வு காட்ட வேண்டும். 415 காட்டினால் அதன் சுருதி, இடப்பக்கத்தில் அடுத்துள்ள கறுப்புக் கட்டையின் அளவுக்கு இறங்கிவிட்டது என்று பொருள். இங்கேதான் நிதானம் வேண்டும். எல்லாக் கட்டைகளும் ஒரே அளவாக இறங்கியிருந்தால் பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பொறுமையாக இரண்டு மூன்று தடவை ஏற்றிச் சேர்க்கலாம். ஒன்று சரியாக இருக்க, பக்கத்துக் கட்டை மிகவும் இறங்கி, அதற்கடுத்தது மீண்டும் சரியாக இருந்தால் என் பழைய வேதனைதான் நினைவுக்கு வருகிறது. அங்கே ஆணிகளைச் சந்தேகியுங்கள். கடைசியாக எப்போது சுருதி சேர்த்தார்கள் என்றும் கேளுங்கள். போன கிழமை சேர்த்தோம் என்றால், பத்து நாள் கழித்து அதேபோல இன்னொரு பதிவு செய்யச் சொல்லிக் கேட்பதற்காகவாவது காத்திருங்கள்.

இனிக் கண்ணுக்கு. அழைப்பில் மேல்மூடியைத் திறந்து, முன்பலகையைக் கழற்றி, டோர்ச் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். ஆணிகளில் சுற்றிய கம்பி, பின்னால் இருக்கும் வார்ப்பிரும்புச் சட்டத்தைத் தொடும் அளவுக்கு உள்ளே போயிருந்தால், தளர்ந்த ஆணியை யாரோ சுத்தியலால் மேலும் அடித்து இறக்கியிருக்கிறார்கள். ஆணியைச் சுற்றி அட்டைத் துண்டோ கறுத்த எண்ணெய்க் கறையோ தெரிந்தாலும் அதே கதைதான். இரும்புச் சட்டத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள், 15 தொன்னைத் தாங்குவது அதுதான். கம்பியில் சிறிது துரு இருப்பது இந்த நாட்டில் இயல்பு. உதிரும் துரு வேறு. கம்பியை அடிக்கும் சிறு சுத்தியல்களின் கம்பளி முனையில் தழும்பு விழுந்திருக்கும். மெல்லிய தழும்பு நல்லதே, பியானோ வாசிக்கப்பட்டிருக்கிறது. ஆழமாகப் பள்ளம் விழுந்து முனை தட்டையாகியிருந்தால் செலவு இருக்கிறது.

பிறகு பியானோவைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்புறத்தைக் காட்டட்டும். அங்கே தெரிவதுதான் ஒலிப்பலகை. அதில் விரிசல் ஒன்று இருந்தாலே பியானோ போய்விட்டது என்பதில்லை. பின்னால் குறுக்கே ஒட்டிய சட்டங்கள் பிரிந்திருந்தால்தான் வாசிக்கும்போது அதிரும், இரையும். கரையான் மண் கோடு, எலிப் புழுக்கை, மரத்தூள் எல்லாம் அடிப்பலகையைக் கழற்றினால் தெரியும். உள்ளே, இரும்புச் சட்டத்தின் மேற்பகுதியில் தொடர் இலக்கம் பொறித்திருப்பார்கள். அதைத் தெளிவாகப் படம் எடுத்து வாங்குங்கள். யமஹா, காவாய் போன்றவர்களின் பியானோக்களில் அந்த இலக்கத்தைக் கொண்டு எந்த ஆண்டில் செய்தது என்று அறியலாம். "இருபது ஆண்டு பழையது" என்று விற்பவர் சொல்வது நாற்பதாக இருப்பதும் உண்டு. நாற்பது வயதுப் பியானோ கெட்டது அல்ல, விலைதான் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

பியானோ எங்கே நின்றது என்பதையும் கேளுங்கள். எப்போதும் குளிரூட்டிய அறையில் நின்ற ஒன்றை உவர்மலைக் கடற்காற்றில் கொண்டுவந்து வைத்தால் அதற்கு நோய் வரும். வராமல் தடுக்கலாம், ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. பாதிப் பணம் வேண்டாம். பதிவு கேட்டு, படம் பார்த்து, மனம் நிறைந்த பிறகு சிறிய முற்பணம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். மீதியை லொறியில் ஏற்றும் நேரத்தில், அங்கே நிற்கும் உங்கள் ஆளின் கையால் கொடுங்கள்.

ஏற்றி இறக்குவது தனி வேலை. இந்த வகைப் பியானோ 200 கிலோவுக்கு மேல் இருக்கும். நான்கு பேர் வேண்டும், வீட்டுச் சாமான் ஏற்றும் பழக்கம் மட்டும் போதாது. நிமிர்ந்தபடியே, போர்வை சுற்றி, லொறியின் பக்கச் சட்டத்தில் கட்டி, மேலே படங்கு போட்டு வர வேண்டும். ஹபரணை, கந்தளாய் வழியாக வரும் பயணத்தில் மழை பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வேண்டவே வேண்டாம். வந்து இறங்கியதும் சுருதி சேர்க்க ஆள் தேடாதீர்கள். இரண்டு மூன்று கிழமை அது நம் ஊர்க் காற்றைக் குடிக்கட்டும். கடலைப் பார்த்த யன்னல் பக்கமும், மழைச்சாரல் படும் வெளிச்சுவரும் ஆகாது. உள்சுவரோரம், ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள்.

மகள் மூன்று ஆண்டுகள் கீபோர்டில் பொறுத்திருக்கிறாள். நல்ல ஒன்று கிடைக்கும்வரை இன்னும் மூன்று மாதம் பொறுப்பாள். அந்தப் பதிவு வந்தால் எனக்கும் அனுப்புங்கள், முழுவதையும் இருந்து கேட்கிறேன்.

கேள்வி: பழைய பியானோ வாங்குவதா, புதிய டிஜிட்டல் பியானோ வாங்குவதா? என்னிடம் இருக்கும் பணத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.
– மாணவர், மூதூர்

பதில்: மூதூருக்குச் சுருதி சேர்க்க வரக்கூடியவர் ஒருவரை முதலில் தேடுங்கள், தம்பி. ஆண்டுக்கு இரண்டு தடவை அவர் வருவார் என்றால் பழைய பியானோ வாங்குங்கள். இல்லையென்றால் 88 கட்டைகளும் கனமான அழுத்தமும் உள்ள டிஜிட்டல் கருவியே உங்களுக்கு நல்லது. சுருதி கலைந்த பியானோவில் நாளெல்லாம் பழகினால் காது கெட்டுவிடும். காதைத் திருத்துவது விரலைத் திருத்துவதை விடக் கடினம்.

கேள்வி: எங்கள் பாட்டனாரின் பியானோவில் இரண்டு கட்டைகள் அழுத்தினால் எழும்புவதில்லை. கார்த்திகை மழையிலிருந்து இப்படி. பக்கத்து வீட்டுக்காரர் தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார்.
– வாசகி, பாலையூற்று

பதில்: ஒரு துளியும் விட வேண்டாம். எண்ணெயை மரமும் கம்பளியும் குடித்து, தூசியைப் பிடித்து, இரண்டு கட்டைக்குப் பதில் இருபது கட்டை ஒட்டிக்கொள்ளும். கட்டையின் அடியில் வழிகாட்டும் ஊசி ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றிய துணி வாடைக்காலத்து ஈரத்தில் ஊதியிருக்கிறது, அவ்வளவுதான். பாட்டனாரின் பியானோவில் கோளாறு ஒன்றும் இல்லை. மழை விட்ட நாட்களில் மேல்மூடியைத் திறந்து காற்றுப் படவிடுங்கள். தை கழிந்தும் அந்த இரண்டு கட்டைகளும் எழும்பாவிட்டால் மறுபடி எழுதுங்கள். பாலையூற்றுப் பக்கம்தானே, சாவியை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.