கேள்வி – பதில்: நிஜின்ஸ்கியின் தங்கை

கேள்வி: பாலே என்றாலே நிஜின்ஸ்கியின் பெயரைச் சொல்கிறார்கள். அவருடைய தங்கையும் நடனங்கள் அமைத்தவர் என்று அண்மையில் அறிந்தேன். அண்ணனால் கிடைத்த பெயர்தானா, தனியாகச் சொல்லும்படி ஏதேனும் செய்திருக்கிறாரா?
– வாசகி, திருச்சி

பதில்: அண்ணனின் புகழ் புரோனிஸ்லாவா நிஜின்ஸ்காவுக்கு உதவியதைவிட அவரை மறைத்ததே அதிகம். போலந்து நாட்டு நடனக் கலைஞர்களின் மகளாக 1891இல் மின்ஸ்க் நகரில் பிறந்த அவர், பீட்டர்ஸ்பர்க் அரசு நடனப் பள்ளியில் பயின்று 1908இல் தேறினார். அண்ணன் வாஸ்லாவ் தன் புதிய அசைவுகளை முதலில் சோதித்துப் பார்த்ததே இந்தத் தங்கையைக் கொண்டுதான். 1913இல் அரங்கேறிய ‘வசந்தத்தின் சடங்கு’ பாலேயில் பலியாகும் பெண்ணின் நடனமும் அப்படி உருவானதுதான்; ஆனால் அவர் கருவுற்றிருந்ததால் மேடையில் அதை வேறொருவர் ஆட நேர்ந்தது.

1919இல் கீவ் நகரில் சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கினார். 1921இல் தாயையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு நாட்டைவிட்டு வெளியேறி, தியாகிலெவ் நடத்திவந்த, அண்ணனோடு தாமும் முன்பு ஆடியிருந்த ‘பாலே ருஸ்’ என்ற நடனக் குழுவில் மீண்டும் சேர்ந்தார்.

அவர் பெயரை நிலைநிறுத்தியது, ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு அமைத்து 1923 ஜூன் 13 அன்று பாரிசில் அரங்கேறிய ‘லே நோஸ்’, அதாவது ‘திருமணம்’. ருஷ்ய கிராமத்துக் கல்யாணம் என்றதும் உடைகளை வடிவமைத்த ஓவியர் கொஞ்சரோவா பளபளக்கும் வண்ண உடைகளை வரைந்து தந்தார். நிஜின்ஸ்கா அவற்றை ஏற்கவில்லை. பெற்றோர் முடிவு செய்து, மணமக்கள் பணிந்து நடக்கும் அந்தச் சடங்கில் கொண்டாட்டத்தைவிடத் துயரமே மிகுதி என்பது அவர் கருத்து. வேலையே கைநழுவும் நிலை வந்தபோதும் அவர் இறங்கி வரவில்லை; கடைசியில் எல்லோருக்கும் பழுப்பும் வெள்ளையுமே உடையாயின. பறப்பதுபோல் தோன்றுவதற்காகவே பயன்பட்டுவந்த, கால் விரல்களின் நுனியில் நிற்கும் நிலையை, பெண்கள் தரையைக் குத்துவதுபோல் ஊன்றி ஆடும்படி அவர் மாற்றியதைத்தான் நான் பெரிய துணிச்சல் என்பேன்.

அடுத்த ஆண்டே பூலென்க் இசையில் ‘லே பிஷ்’ என்ற குறும்பு நிறைந்த பாலேயையும், 1928இல் நடனக் கலைஞர் இடா ரூபின்ஸ்டைன் நடத்திய குழுவுக்காக ராவெலின் ‘பொலேரோ’வையும் அமைத்தார். (‘பொலேரோ’ இசையைக் கேட்ட பலருக்கு அது பாலேவுக்காக எழுதப்பட்டது என்பதே தெரியாது.) பின்னர் அமெரிக்காவில் குடியேறி, கலிபோர்னியாவில் நடனம் கற்பித்தார்; அமெரிக்க பாலே நடனக் கலைஞர் மரியா டால்சீஃப் அவருடைய மாணவி.

ரூபின்ஸ்டைன் குழுவில் இளைஞராக அவரிடம் ஆடிய பிரெடரிக் ஆஷ்டன், பிற்காலத்தில் லண்டன் ராயல் பாலேயின் இயக்குநரானதும், தம் ஆசிரியையை நினைவில் வைத்து அழைத்தார். 1964இல் ‘லே பிஷ்’, 1966இல் ‘லே நோஸ்’ இரண்டையும் நிஜின்ஸ்காவே அங்கே மீண்டும் மேடையேற்றினார். 1972இல் கலிபோர்னியாவில் காலமானார்.

ராயல் பாலே ஆடிய ‘லே நோஸ்’ ஒளிப்பதிவாக வெளிவந்திருக்கிறது. கிடைத்தால், முதல் காட்சியில் கயிறுபோல் நீளும் மணமகளின் சடைகளைத் தோழிகள் பிடித்திருப்பதையும், அவர்கள் தலைமேல் தலையாக அடுக்கி நிற்க, அதன் உச்சியில் மணமகள் முகம் சாய்ப்பதையும் பாருங்கள்.