காராஜ் வாசல்: கீச்சிடும் பெல்ட்

வாகனம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, மாங்குளத்தில் காராஜ் வைத்திருக்கும் எமது மெக்கானிக் பதில் தருகிறார்.

கேள்வி: ஐயா, என்னிடம் எண்பதுகளில் வந்த டொயோட்டா கொரோலா கே.இ.72 வேகன் ஒன்று நிற்கிறது. காலையில் இயக்கியதும் விசிறிப் பெல்ட் கீச்சென்று கத்துகிறது. சவர்க்காரம் பூசிப் பார்த்தேன். புதுப் பெல்ட் போட்டேன். இரண்டு கிழமையில் மறுபடியும் அதே சத்தம். டைமிங் பெல்ட்டையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றவா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: கடைசியில் இருந்து தொடங்குகிறேன், உங்கள் காசு அங்கேதான் இருக்கிறது. வேகனில் பழைய 4கே இன்ஜினே இன்னும் இருந்தால், அதற்கு டைமிங் பெல்ட்டே கிடையாது. இன்ஜினுக்குள்ளே அந்த வேலைக்கு ஓடுவது சங்கிலி. இல்லாததை எப்படிக் கழற்றுவார் என்று அவரிடமே கேளுங்கள்.

இனிச் சத்தம். சவர்க்காரம் பூசினால் பத்து நிமிடம் வாயை மூடும். பிறகு அதிலேயே புழுதி ஒட்டிக்கொள்ளும். பெல்ட்டை விட்டுவிட்டு, அது சுற்றி ஓடும் சக்கரமான கப்பியைப் பாருங்கள். (கப்பி என்றுதான் எழுதுவேன். pulley என்ற ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் வன்னியில் வேறு பொருள் வந்துவிடும்.) பெல்ட் பிடிக்கவேண்டியது கப்பிப் பள்ளத்தின் இரு சரிவுகளையும்தான், அடித்தளத்தைத் தொடவே கூடாது. டோர்ச் அடித்துப் பாருங்கள்: அடித்தளம் எவர்சில்வர்த் தட்டுப்போல மினுங்கினால், சரிவுகள் தேய்ந்து பெல்ட் கீழே இறங்கி வழுக்குகிறது என்று அர்த்தம். எங்கள் கிரவல் வீதிப் புழுதி அரம் மாதிரி, கப்பியையும் தின்னும். அப்படியானால் கப்பியை மாற்றாமல் எத்தனை பெல்ட் போட்டாலும் வீண்.

கப்பி நன்றாக இருந்தால் இறுக்கம்தான் குறை. புதுப் பெல்ட் ஓட ஓடக் கொஞ்சம் இளகும். ஓரிரு நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி இறுக்கவேண்டும். இதை யாரும் செய்வதில்லை. நீளமான இடைவெளியின் நடுவில் பெருவிரலால் அழுத்துங்கள். பத்து மில்லிமீற்றர் அளவு இறங்கினால் போதும். வீணைத் தந்திபோல இறுக்கிவிட்டால் சத்தம் நிற்கும்தான். சில மாதத்தில் தண்ணீர்ப் பம்பின் பெயரிங் போகும்.

கழற்றுவதென்றால் முதலில் பேட்டரியின் மறை (−) தொடுப்பை எடுத்துவிடுங்கள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் அல்டர்னேட்டரின் மேல் போல்ட்டோடு கீழே ஒளிந்திருக்கும் போல்ட்டையும் இளக்கினால்தான் பெல்ட் தளரும். அதை மறந்துவிட்டு அலவாங்கால் நெம்பித் தாங்கியை வெடிக்கவைத்தவர்கள் என் காராஜுக்கு நிறையவே வந்திருக்கிறார்கள். ஏசிக்குத் தனிப் பெல்ட் முன்னால் ஓடினால் அதைக் கழற்றித்தான் உள் பெல்ட்டைத் தொடலாம். இரண்டையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். விசிறி தண்ணீர்ப் பம்பின் கப்பிக்கு முன்னால் பூட்டியிருப்பதால், புதுப் பெல்ட்டை விசிறியின் ஒவ்வோர் இதழாகத் தாண்டவைத்து உள்ளே கொண்டுபோக வேண்டும். அவசரப்பட்டால் ரேடியேட்டரின் செதில்கள் உங்கள் விரல்முட்டியைச் சீவிவிடும்.

கேள்வி: அண்ணா, எங்கள் காரில் வரிவரியான ஒரே நீளப் பெல்ட். ஊர்ப் பொடியன் ஒருவர் மாற்றித் தந்தார். அன்றிலிருந்து சூட்டுமுள் ஏறுகிறது. பெல்ட்டுக்கும் சூட்டுக்கும் என்ன தொடர்பு?
— ஆசிரியை, மல்லாவி

பதில்: தங்கச்சி, முதலில் காரை ஓட்டாமல் நிறுத்திவையுங்கள். இந்தப் பெல்ட்டில் வரியுள்ள பக்கம் வரியுள்ள கப்பியிலும், வழுவழுப்பான முதுகு வழுவழுப்பான கப்பியிலும் படவேண்டும். சில இன்ஜின்களில் தண்ணீர்ப் பம்பைச் சுழற்றுவதே பெல்ட்டின் முதுகுதான். பாதையைத் தப்பாகப் போட்டால் பம்ப் எதிர்த்திசையில் சுற்றும். பெல்ட் ஓடும், சார்ஜ் எச்சரிக்கை விளக்கு எரியாது, தண்ணீர் மட்டும் ஒழுங்காக ஓடாது. பொனட்டின் அடியில் பாதைப்படம் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, ஒவ்வொரு கப்பியையும் விரலால் தடவுங்கள். பெல்ட் ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருந்தாலும் ஓரம் நார்நாராகக் கிழியும். பெல்ட்டின் முதுகில் 4பி.கே.890 என்பது போல ஓர் எழுத்து இருக்கும்: நான்கு வரி, 890 மில்லிமீற்றர் நீளம். பழையதில் உள்ள அதே எண்தான் புதியதிலும் இருக்கவேண்டும்.

அடுத்த தடவை கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் காலத்தில் பொனட்டின் உட்புறத்தில் சோக்கால் கீறிவைப்போம்.

கேள்வி: இரவில் ஏ9 வீதியில், காட்டுக்குள் பெல்ட் அறுந்தால் என்ன செய்வது?
— வாசகர், புளியங்குளம்

பதில்: சார்ஜ் விளக்கு எரிந்து கூடவே சூடும் ஏறினால் அறுந்தது பெல்ட்தான். உடனே நிறுத்துங்கள், "இன்னும் நாலு கட்டைதானே" என்று ஓட்டினால், இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விடும். பெல்ட் மாற்றும்போது, வெடிக்காத பழையதை எறியாமல் டிக்கியில் போட்டுவையுங்கள்.

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்காலத்தில், எங்களுக்குப் பழையதும் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடிய ஓர் ஆஸ்டின் கேம்பிரிட்ஜுக்கு, கார்புரேட்டரில் சொட்டுப் பெட்ரோல் விட்டுக் கிளப்பி, பெல்ட்டுக்குப் பதிலாக நைலோன் கயிறு கட்டி முள்ளியவளைக்குப் புறப்பட்டோம். முடிச்சு கப்பியைத் தாண்டும்போதெல்லாம் டக், டக் என்று சத்தம். முடிச்சு உருகி அறுந்தது. இன்னொன்று கட்டினோம், அதுவும் போனது. கையிருப்புத் தீர்ந்ததும் வழியில் ஒரு வீட்டு ஆச்சி தன் உடுப்புக் கொடியை அவிழ்த்துத் தந்தார். மறுநாள் புதுக்கயிறு கொண்டுபோனபோது அவருடைய சேலைகள் வேலியில் காய்ந்துகொண்டிருந்தன.