இரண்டாவது பிரஷர் குளிசை சிறுநீரகத்தைப் பழுதாக்குமா?

கேள்வி: நாங்கள் களுவாஞ்சிக்குடியில் வசிக்கிறோம். என் அம்மாவுக்கு 58 வயது; சீனி வருத்தம் இல்லை. இரண்டு வருடமாகப் பிரஷருக்குக் காலையில் லோசார்டன் 50 மி.கி. குளிசை பாவிக்கிறார். கடந்த மூன்று கிளினிக்கிலும் பிரஷர் 150க்கு மேலேயே நின்றதால், டொக்டர் அம்லோடிபின் குளிசையையும் சேர்த்து எழுதினார். "ரெண்டு குளிசை போட்டா கிட்னி பழுதாப் போயிடும்" என்று அம்மா அதைத் தொடுவதே இல்லை. முழங்கால் நோவுக்கு மட்டும் அடிக்கடி பார்மசியில் டைக்ளோபினாக் வாங்கிப் போடுகிறார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவோ, புதிய ஆய்வுகளின்படி பிரஷர் 120க்குக் கீழே வரவேண்டும் என்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் கேள்வியில் மூன்று குளிசைகள் வருகின்றன. அவற்றுள் சிறுநீரகத்துக்குக் கேடு செய்யக்கூடியது, உங்கள் தாயார் பயமே இல்லாமல் போடுகின்ற மூன்றாவது குளிசைதான். சிறுநீரகத்துக்குக் குருதி கொண்டுபோகும் நுண்குழாய்களை விரித்து வைத்திருக்கும் புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருளை டைக்ளோபினாக் குறைத்துவிடுகிறது. அதனால் உப்பும் நீரும் உடலில் தேங்கிப் பிரஷர் ஏறுவதோடு, லோசார்டனின் பயனும் மழுங்குகிறது. இரண்டையும் நீண்ட நாள் சேர்த்துப் பாவிப்பவர்களின் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படவும் இடமுண்டு. ஆகவே முதலில் அதை நிறுத்துங்கள். நோவுக்குப் பரசிற்றமோல் போதுமானது. அதையும் நாள் தவறாமல் முழு அளவில் போட்டால் பிரஷர் சற்று உயரும் என்பதால், நோவுள்ள நாட்களில் மட்டும் போடட்டும்.

அடுத்து, அந்த 150 எப்படி வந்தது என்று பார்க்கவேண்டும். வெள்ளாப்பில் எழும்பி, வெறும் வயிற்றோடு பஸ் ஏறி, நம்பர் எடுத்து, வாங்கில் நெருக்கியடித்து இருந்துவிட்டு வருபவரின் கையில் உடனே பட்டியைச் சுற்றினால் அளவு கூடித்தான் காட்டும். இதைவிட அதிகமாக நான் காண்பது வேறொன்று. "இன்றைக்குக் காலையில் குளிசை போட்டீர்களா?" என்று கேட்டால், "கிளினிக் எண்டதால போடல்ல டொக்டர்" என்பார்கள். வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பதற்காக வந்தாலும் ஒரு மிடறு தண்ணீரோடு பிரஷர் குளிசையைப் போடலாம் என்பதைச் சொல்லாமல் விட்டது எங்கள் தரப்புத் தவறுதான். வீட்டில் மேற்கையில் கட்டும் மெஷின் இருந்தால், ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்து, பாதங்களை நிலத்தில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல் இருந்து, ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை அளந்து கிளினிக் கொப்பியில் எழுதிக் கொண்டுபோங்கள்.

இவற்றையெல்லாம் சரிசெய்த பின்னும் அளவு இறங்காவிட்டால் இரண்டாவது குளிசை தேவைதான். அதற்கு வெளிநாட்டுச் சான்று எதையும் தேடிப் போகவேண்டியதில்லை. நமது இலங்கையின் வைத்தியசாலைக் கிளினிக்குகளிலேயே 700 பேரைச் சேர்த்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. பங்குபற்றியோரின் சராசரி வயது 56, அரைவாசிக்கு மேற்பட்டோர் பெண்கள், தொடக்கத்தில் அவர்களது சராசரிப் பிரஷர் 154/90. ஏறத்தாழ உங்கள் தாயாரின் நிலைமை. ஒரு சாராருக்கு டெல்மிசார்டன் 20, அம்லோடிபின் 2.5, குளோர்தலிடோன் 12.5 மி.கி. என மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாக்கிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் வழமையான சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். ஆறு மாதத்தில் மூன்று மருந்துக் குளிசை பாவித்தோரில் 70 வீதமானோரும், மற்றவர்களில் 55 வீதமானோரும் இலக்கை எட்டினர். மூன்று மருந்து என்பதால் பக்கவிளைவு தாங்காமல் சிகிச்சையை விட்டவர்கள் கூடவில்லை. இரு பக்கமும் அந்தத் தொகை ஏறக்குறைய ஒன்றுதான்.

இதற்குக் காரணம் மருந்தின் தன்மையிலேயே இருக்கிறது. 354 ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளியிடப்பட்ட கணக்கின்படி, பிரஷர் மருந்து ஒன்றின் வழக்கமான அளவு மேல் அளவை ஏறத்தாழ 9 மி.மீ. குறைத்தால், அதில் பாதி அளவே 7 மி.மீ. குறைத்துவிடுகிறது. பக்கவிளைவுகளோ பெரும்பாலும் அளவு கூடும்போதுதான் கூடுகின்றன. எனவே ஒரு குளிசையை உச்ச அளவுக்கு ஏற்றிக்கொண்டு போவதைவிட, வேறு வழியில் வேலை செய்யும் இன்னொன்றைச் சிறிய அளவில் சேர்ப்பது உடம்புக்கு இலேசானது. குளிசை இரண்டானதால் வருத்தம் முற்றிவிட்டது என்று பொருளல்ல.

சிறுநீரகத்தை அரிப்பது ஆண்டுக்கணக்கில் அடங்காமல் நிற்கும் பிரஷர்தான். லோசார்டன் தொடங்கியதும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப் பொருளான கிரியேட்டினின் இரத்தத்தில் சிறிது கூடக்கூடும். அதைக் கவனிக்கவே இரத்தப் பரிசோதனை எழுதுகிறோம், தவறாமல் செய்துகொள்ளுங்கள்.

உங்கள் அண்ணா சொல்லும் 120, அமெரிக்காவில் 9,361 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருவது. அந்த இலக்கை நோக்கிச் சிகிச்சை பெற்றோரில் மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, மரணம் ஆகியன குறைந்தன என்பது உண்மை. ஆனால் அவர்கள் 50 வயதைக் கடந்த, இதயநோய் ஆபத்து கூடிய நோயாளர்கள். ஓய்வாக இருத்தித் தானியங்கி மெஷினால் அளந்த அளவு அது. கிளினிக் நெரிசலில் எடுக்கும் அளவோடு அதை ஒப்பிடமுடியாது. மயக்கமும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும் அப்பிரிவில் கூடுதலாகவே காணப்பட்டன. உங்கள் தாயார் முதலில் 140/90க்குக் கீழே வரட்டும். தலைச்சுற்று இல்லாமல் 130 வரை இறக்க முடியுமா என்பதை அவரைப் பார்க்கும் டொக்டர் தீர்மானிப்பார். அதுவரை உப்புக் கூடிய கருவாட்டையும் கூனிச் சம்பலையும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்; நமது பகுதியில் அது இலேசில் நடக்கிற காரியமல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

அம்லோடிபின் தொடங்கிய சில வாரங்களில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அந்த மருந்து நுண்குழாய்களை விரிப்பதால் வரும் வீக்கம் அது. சிறுநீரகம் பழுதானதால் வருவதல்ல. உங்கள் தாயார் முதலில் அப்படித்தான் நினைப்பார் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வீக்கம் கண்டால் குளிசையைத் தாமாக நிறுத்தாமல், அடுத்த திகதி வரை காத்திருக்காமல், கிளினிக்கில் காட்டட்டும். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கும் மாற்றலாம்.