கான்சர் கருவி செய்ய ஆசைப்படும் மகளுக்கு பயோவா, மற்ஸா?

அம்மா, மகள் ஏ.எல். என்ற உயர்தரத்துக்கு மற்ஸ், அதாவது கணிதப் பிரிவு, எடுக்கட்டும். "கான்சர் என்றால் பயோதானே" என்று நீங்கள் கேட்டது நியாயம். ஆனால் அவள் செய்ய ஆசைப்படும், இரத்தத்தில் புற்றுநோயின் அடையாளத்தைத் தேடும் அந்தக் கருவியில் பெரும்பங்கு பௌதிகம்.

அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் அவளோடு கதைக்க உங்களுக்கும் சுகம். சில புற்றுநோய்களில் குறிப்பிட்ட புரதங்கள் இரத்தத்தில் கூடும். ஆண்களின் முன்னிற்கும் சுரப்பிப் (புரொஸ்டேட்) புற்றுநோய்க்கு பீ.எஸ்.ஏ. என்ற புரதம், சூலகப் புற்றுநோய்க்கு சீ.ஏ. 125. பீ.எஸ்.ஏ.க்கு வைத்தியர்கள் நெடுங்காலம் வைத்திருந்த எல்லை மில்லிலீற்றருக்கு 4 நனோகிராம். ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கி அதில் நான்கு! இதைப் பிடிக்க, அந்தப் புரதத்தை மட்டும் பற்றும் பிறபொருளெதிரியை (அன்ரிபொடி) ஒரு தட்டில் ஒட்டுவார்கள். ஒளிரும் சாயம் கட்டிய இன்னொரு பிறபொருளெதிரி மேலே வந்து சேரும். பிறகு ஒளி பாய்ச்சி, சாயம் திருப்பித் தரும் வெளிச்சத்தை அளப்பார்கள். வெறும் கண்ணாடியில் அந்த வெளிச்சம் மிக மங்கல்.

தட்டின் மேல் நாக ஒட்சைட்டை, கலமைன் லோஷனில் இருக்கும் அதே பொருளை, வயலில் நாற்று நிற்பதுபோல, நனோ எனப்படும் மிகச்சிறிய அளவில் நுண்கம்பிகளாக வளர்த்தால் நிலைமை மாறுகிறது. புரதம் ஒட்ட இடம் பெருகும். கம்பிகள் ஒளியைத் தங்களுக்குள் நடத்திச் சென்று முனையில் பளிச்சென்று காட்டும். உலோகத்தை ஒட்டினாற்போல் சாயம் இருந்தால் ஒளிர்வு அணைந்துபோகும். நாக ஒட்சைட்டு உலோகம் அளவுக்கு மின்சாரம் கடத்தாத ஒரு குறைகடத்தி; அதில் அந்தத் தொல்லை குறைவு. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது பெரிதாக உறிஞ்சுவதுமில்லை. இதற்கெல்லாம் ஏன் என்று கேட்டால் பதில் பௌதிகத்திலும் கணிதத்திலும்தான் கிடைக்கும். தேவையான உயிரியலைப் பிறகு படித்துப் பிடிக்கலாம். விட்ட கணிதத்தை இருபத்தைந்து வயதில் பிடிப்பது பெரும் பாடு.

பயோ வீண் என்று நான் சொல்லவில்லை. பீ.எஸ்.ஏ. கூடினால் எல்லாம் புற்றுநோய் இல்லை. வயதோடு வரும் சாதாரண வீக்கத்திலும் கூடும். கருவி காட்டும் எண்ணை நம்பலாமா என்று சொல்ல மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படித்தவர்கள் வேண்டும். அந்தப் பட்டம் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது, அதற்கு பயோ வேண்டும். மற்ஸின் முக்கிய பாடமான இணைந்த கணிதம் மகளுக்குப் பிடிக்கவே பிடிக்காது என்றால் அந்தப் பாதை.

மற்ஸில் போனால் மொறட்டுவையில் பொறியியல் பீடத்துக்குள் நுழைந்து உயிர்மருத்துவப் பொறியியலைத் தெரிவு செய்யலாம். அல்லது கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் எங்காவது பௌதிக விஞ்ஞானம். எங்கள் திருகோணமலை மாவட்டம் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால், பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு மேல் அந்த மாவட்டங்களுக்கென்று வைத்த 5 வீதத்திலும் இடம் பார்க்கலாம். இங்கேயே, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்திலும் பிரயோக விஞ்ஞான பீடம் உண்டு. ஆனால் ஆராய்ச்சிதான் வேண்டுமென்றால் பிள்ளை ஒரு கட்டத்தில் திருகோணமலையை விட்டுப் போகத்தான் வேண்டும். நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம் அதுதான் என்று நினைக்கிறேன்; இப்போதே அவளோடு கதையுங்கள்.

வேலை? பட்டம் முடித்த கையோடு இந்தத் துறையில் இங்கே வேலை கிடைப்பது அரிது. 2008இல் தொடங்கிய இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனம் (ஸ்லின்டெக்) ஹோமாகமவில் இருக்கிறது, வேலை இடங்கள் கொஞ்சம். பெரும்பாலும் வெளிநாட்டில் உதவித்தொகையோடு கலாநிதிப் பட்டம்தான் வழி; அதற்காகக் காணி விற்கத் தேவையில்லை. அது சரிவராவிட்டாலும் இலத்திரனியலோ பொருள் விஞ்ஞானமோ படித்தவளுக்கு மருத்துவக் கருவிக் கம்பனி, மென்பொருள், ஆசிரியத் தொழில் என்று வேறு கதவுகள் இருக்கும். அதனால்தான் முதல் பட்டம் அகலமானதாக இருக்கட்டும் என்கிறேன்.

இன்னொன்று, மகளுக்குச் சொல்லுங்கள்: எங்கள் மாவட்டத்துப் புல்மோட்டை மணலில் கிடைக்கும் ரூட்டைல் என்ற கனிமம் தைத்தேனியம் ஈரொட்சைட்டுதான். அதுவும் குறைகடத்திதான், இப்படியான கருவிகள், அதாவது உயிர் உணரிகள், பற்றிய ஆய்வுகளில் அதையும் பயன்படுத்துகிறார்கள்.

நனோ டிப்ளோமா என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தக் காசு இணைந்த கணித ரியூசனுக்குப் போகட்டும். முதல் தவணைப் புள்ளிகளோடு இருவரும் வாருங்கள். கணிதம் ஏறவில்லை என்றால் அப்போது பயோவுக்கு மாறலாம், ஒரு வருடம் கழித்து மாறினால் வருடமே வீண்.