வளையத்துக்குள் தொப்பி பொறித்த பழைய கார்ச் சின்னம் எந்த நிறுவனத்துடையது?

நட்சத்திரப் பட்டை கட்டிய உயரமான தொப்பி ஒரு வளையத்தினுள் அமைந்திருக்கும் இச்சின்னம், டெட்ராய்ட் நகரில் 1922 முதல் 1927 வரை கார்களைத் தயாரித்த ரிக்கன்பேக்கர் மோட்டார் நிறுவனத்துடையது. முதல் உலகப் போரில் 26 வான்வெற்றிகள் கண்ட அமெரிக்க விமானி எடி ரிக்கன்பேக்கர், தாம் தலைமை தாங்கிய 94ஆவது விமானப் படைப்பிரிவின் அடையாளத்தையே தம் பெயர் தாங்கிய காருக்கும் சூட்டினார். தொப்பி, அமெரிக்காவின் உருவகமான அங்கிள் சாமுடையது. சண்டைக்கு அறைகூவுபவர் தம் தொப்பியைக் களத்துக்குள் எறியும் பழைய வழக்கத்தையொட்டி, அமெரிக்கா போரில் இறங்கிவிட்டதை அது உணர்த்தியது.

பெயருக்காக மட்டும் விற்ற கார் அல்ல இது. அதிர்வைக் குறைக்க, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்‌ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் ஃப்ளைவீல் எனும் கனமான சுழல்சக்கரம் பொருத்தியிருந்தார்கள். பெரும்பாலான அமெரிக்கக் கார்களுக்குப் பின்சக்கர பிரேக் மட்டுமே இருந்த 1923இல் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் கொடுத்தார்கள். அது ஆபத்தானது என்று போட்டியாளர்கள் பிரசாரம் செய்தது, என் பார்வையில், பெரும் அநியாயம். பின்னாளில் எல்லோரும் அதையே பின்பற்றினர்.

விற்பனை சரிந்து, உள்பூசலும் முற்றியதால் 1926இல் ரிக்கன்பேக்கர் விலகினார். மறு ஆண்டு நிறுவனம் மூடப்பட்டது. அதன் எஞ்சின் தயாரிப்பு இயந்திரங்களை ஜெர்மானிய வாகன நிறுவனமான டிகேடபிள்யூவின் நிறுவனர் ராஸ்முசன் வாங்கி ஜெர்மனிக்குக் கொண்டுசென்றார். அவர் கைக்கு வந்த ஆடி நிறுவனத்தின் ‘ஸ்விக்காவ்’ காரின் எட்டு சிலிண்டர் எஞ்சின் அந்த வடிவமைப்பில் உருவானதே.