கேள்வி – பதில்: நான்கு முறை நின்ற டாக்டர்

கேள்வி: அரசியலுக்கு வரும் டாக்டர்கள் முதல் வேலையாக ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். கடைசிவரை டாக்டராகவே யோசித்து, நாட்டின் அதிபர் பதவிக்கும் போட்டியிட்டவர் யாரேனும் உண்டா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: சிலி நாட்டின் சால்வடோர் அயெந்தே உண்டு. மாணவப் பருவத்திலேயே அரசியலில் இறங்கியதால், படித்து முடித்ததும் அவருக்கு வேலை கிடைப்பது எளிதாக இல்லை. கடைசியில் வல்பரைசோ துறைமுக நகரில் கிடைத்தது பிரேதப் பரிசோதனை செய்யும் வேலை. ஏழைகள் எதனால் சாகிறார்கள் என்பதை அறுத்துப் பார்த்தே தெரிந்துகொண்டவர் அவர். 1933இல் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான அயெந்தே, 1939இல் சுகாதார அமைச்சரானார். கூலியும் குடியிருப்பும் சாப்பாடும் சீராகாத வரையில் காசநோயையும் சிசு மரணத்தையும் மருந்தால் மட்டும் விரட்ட முடியாது என்று அதே ஆண்டில் ஒரு நூலே எழுதினார். இன்று இது சாதாரணப் பேச்சு; அன்று ஓர் அமைச்சர் இப்படி எழுதியது பெரிய விஷயம்.

அதிபர் தேர்தலில் அவர் 1952, 1958, 1964, 1970 என நான்கு முறை நின்றார். முதல் முறை கிடைத்தது 5 சதவீதத்துக்குச் சற்றே அதிகம். 1958இல் சுமார் 33,000 வாக்குகளில் வெற்றி கைநழுவியது. அந்தத் தேர்தலில் நின்ற ஒரு பாதிரியார், ஏழைகளின் வாக்கில் சுமார் 41,000ஐப் பிரித்துக்கொண்டு போனார் என்பதை நம் ஊர்த் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1964இல் ஏறத்தாழ 39 சதவீதம் வாங்கியும் தோற்றவர், 1970இல் 36 சதவீதத்தைச் சற்றே தாண்டி, மும்முனைப் போட்டியின் தயவில் முதலிடம் பெற்றார். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் முடிவு நாடாளுமன்றத்தின் கைக்குப் போனது. அங்கே 153 பேர் அவரை ஆதரித்தார்கள். ‘சிலியின் அடுத்த அதிபர் இங்கே உறங்குகிறார்’ என்றுதான் தன் கல்லறையில் எழுதுவார்கள் என்று அவர் தம்மைத் தாமே கேலி செய்துகொள்வதுண்டாம்.

கேள்வி: அதிபரான பிறகாவது அந்த டாக்டர் வெளியே தெரிந்தாரா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தெரிந்தார். செம்புச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியதைத்தான் உலகம் பேசுகிறது. ஆனால், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நாளொன்றுக்கு அரை லிட்டர் பால் என்று அவர் கொண்டுவந்த திட்டம் அந்தப் பழைய நூலின் நேர் வாரிசு. விலைவாசியும் தட்டுப்பாடும் அவர் ஆட்சியை ஆட்டிப் படைத்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் அதிபர் மாளிகை மீது குண்டு வீசியது. சரணடைய மறுத்த அவர் உள்ளேயே இறந்தார். அது கொலையா, தற்கொலையா என்ற சர்ச்சை ஓயாமல் நீண்டதால், பிரேதப் பரிசோதனையில் தொழிலைத் தொடங்கியவரின் உடலையே 2011இல் தோண்டியெடுத்து ஆராய்ந்து, தற்கொலைதான் என்று நிபுணர்கள் உறுதி செய்தார்கள்.